ஆத்துக்கரையில் அகல டயர்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சைக்கிளில் போனால், காலுக்கு வேலை வைக்கும் ஏற்றம் என்று இருப்பவை ஐந்து பாலங்கள் மட்டுமே. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. சுமார் 12 கிலோமீட்டர் தூரம். மற்றபடி எல்லாம் தட்டைத் தரை. இந்தப் பக்கத்தில் மலைச் சைக்கிள் வைத்திருப்பவரை "இங்க எங்க சார் மலை இருக்கு?" என்று கேட்காத டீக்கடை கிடையாது. நியாயமான கேள்விதான். 1970களில் கலிபோர்னியாவின் மாரின் மலைச்சரிவுகளில், பழைய தடித்த டயர் சைக்கிள்களை மேலே ஏற்றி மண்பாதையில் விட்டு இறங்கிய இளைஞர்களின் விளையாட்டில் பிறந்த வண்டி அது. டெல்டாவுக்கு அதிலிருந்து வேண்டியது டயர் ஒன்றுதான். முன்பக்க சஸ்பென்ஷன், இருபத்தோரு கியர் எல்லாம் இங்கே அலங்காரம். வண்டியின் எடையைக் கூட்டுவதைத் தவிர வேறு வேலை அவற்றுக்கு இல்லை. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: சாதா ஃபோர்க் போதும், ஆனால் இரண்டு அங்குல டயர் நுழைகிற வண்டியாக எடுங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

டயரின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் உச்ச அளவு வரைக்கும் காற்றடித்துக்கொண்டு கரைக்கு வரக் கூடாது. கப்பிக்கல்லிலும் காய்ந்த டிராக்டர் தடத்திலும் வண்டி துள்ளும், இடுப்பு கழன்றுவிடும். என் எடைக்கு 35 பி.எஸ்.ஐ. சரியாக இருக்கிறது. தார்ச் சாலையில் கொஞ்சம் மந்தமாகப் போகும், போகட்டும்.

வண்டியைவிட முக்கியமானது, எப்போது எங்கே ஓட்டுவது என்பது. அதைச் சொல்வது ஆற்று முறைதான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கிறது. அடுத்த சில நாட்களில் கல்லணை. ஜனவரி 28 அன்று மேட்டூரை மூடுகிறார்கள். மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருடங்களில் இந்தத் தேதிகள் தள்ளிப்போகும். நடுவில் குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் போகங்கள். எந்த மாதத்தில் எந்தக் கரை இறுகிக் கிடக்கும், எந்தச் சாலையில் நெல் கிடக்கும், எங்கே அறுவடை மெஷின் நிற்கும் என்பதெல்லாம் இதற்குள் அடக்கம். கைபேசி வரைபடம் இதில் எதையும் காட்டாது.

ஆனியும் ஆடியும் தண்ணீர் வரும் அழகான காலம், ஆனால் காற்றுக் காலமும்கூட. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பகல் ஏற ஏற வலுக்கும். கல்லணைப் பக்கம், அதாவது மேற்கே போவதானால் விடியலில் கிளம்பி, காற்று எழுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும். இதை மாற்றிச் செய்து, காலையில் கிழக்கே சொகுசாகப் போய்விட்டு மதியத்தில் எதிர்க்காற்றில் திரும்புகிறவர்கள் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மண் கரையை விட்டுவிடுங்கள். நம் வண்டல் களி மழையில் நனைந்தால் டயரில் அப்பி, பிரேக்குக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். டிஸ்க் பிரேக் இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வருவதில் வீரம் எதுவும் இல்லை. அதோடு, ஈரக் கரையில் சக்கரம் பதித்த தடத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் ஓடும். கரை அங்கேதான் அரிக்கத் தொடங்கும். "மழ பேஞ்சிருக்கு தம்பி, தார் ரோட்டுலயே போங்க" என்று கரையையும் மதகையும் கவனிக்கும் லஸ்கர் ஒருவர் சொன்னபோது அவர் கவலை என் சைக்கிளைப் பற்றியது இல்லை.

சிறந்த காலம் தை பாதியிலிருந்து மாசி முடிய. அறுவடை முடிந்த வயல்களில் உளுந்தும் பயறும் பச்சை கட்டியிருக்கும், கரை இறுகியிருக்கும், வெயில் இன்னும் கடிக்காது. அறுவடைச் சமயத்தில் மட்டும் அந்தி மயங்கிய பிறகு வரப்போரம் போக வேண்டாம். எலி நடமாடும், அதைத் தேடிக் கண்ணாடி விரியனும் வரும்.

முதன்முதலாக வருகிறவர்களை நான் அழைத்துப் போவது ஏழூருக்கு. பங்குனியில் திருமழபாடியில் நந்தியெம்பெருமானுக்குக் கல்யாணம். அதையொட்டிச் சித்திரையில் திருவையாற்று ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில் கிளம்பி, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றித் திரும்புவார். மனிதர்கள் தோளில் பல்லக்கைச் சுமந்து நடக்கிற வழி என்பதால் ஊருக்கு ஊர் தூரம் அளவாகத்தான் இருக்கும். சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான சுற்றை யாரும் திட்டமிட்டுப் போட்டுவிட முடியாது. ஆனால் பல்லக்கின் வரிசையை அப்படியே பிடிக்க வேண்டாம். சித்திரையில் ஆறு வறண்டு கிடக்கும். மற்ற மாதங்களில் நமக்குப் பாலம் வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வருகிறவர்கள் காவிரிக்குத் தெற்கே இருக்கும் நான்கு ஊர்களை முதலில் முடித்துக்கொள்ளலாம். கண்டியூரை மையமாக வைத்துக்கொண்டால் வேதிகுடி, சோற்றுத்துறை, பூந்துருத்தி மூன்றும் கிட்டத்தில்தான். இந்தப் பகுதியின் வயல் சாலைகள்தான் முழுச் சுற்றிலும் எனக்குப் பிடித்தவை: ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நெல் அல்லது வாழை, பத்து நிமிடத்துக்கு ஒரு மொபெட். பிறகு பாலம் ஏறித் திருவையாறு. மேற்கே தில்லைஸ்தானம், கிழக்கே பழனம். திருப்பழனம் கும்பகோணம் சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையின் தனியார் பஸ்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஓரமாகப் போங்கள், ஹாரன் கேட்டால் மண்ணில் இறங்கிவிடுங்கள். மதியம் கோயில்கள் நடை சாத்திவிடும், காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. முடித்த பிறகு திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிடாமல் திரும்புகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் குதிரைப் பாதைகள் உண்டு. அவற்றில் சைக்கிள் ஓட்ட 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உரிமை தந்தது. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட்டே போக வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் இருக்கிறது. நம் கரைகளில் அப்படி எழுதிவைத்த சட்டம் எதையும் யாரும் காட்டப்போவதில்லை. ஆனால் யார் முந்தியவர் என்பதில் சந்தேகம் கிடையாது: மாடு, தலையில் கட்டுடன் வருகிறவர், நாற்று ஏற்றிய வண்டி, அதன் பிறகு நாம்.

குறுவை அறுவடையில் இது இன்னும் கண்டிப்பாகும். புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் அறுத்த நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போட, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மத்திய அரசு தளர்த்தினால் கொஞ்சம் கூடும், ஆனால் அந்த உத்தரவு வருகிறவரை நெல் காத்திருக்காது. களம் போதாமல் தார்ச் சாலையில் பரப்புகிறார்கள். மேகத்தைப் பார்த்துக்கொண்டே நெல்லைக் கிளறிவிடுகிற அம்மா "எறங்கி உருட்டிக்கிட்டுப் போப்பா" என்றால், "சரிங்கம்மா" என்று இறங்கிவிட வேண்டியதுதான். சொல்வதற்கு முன்பே இறங்கினால் இன்னும் நல்லது. வரப்பில் ஓட்டுவதும் அப்படித்தான். பார்க்க ஒற்றையடிப் பாதை போலத் தெரியும், படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அது அண்டை வெட்டி, சேறு பூசி, தண்ணீர் நிற்பதற்காக அணைத்த வரப்பு. பல இடங்களில் உளுந்தும் ஊன்றியிருப்பார்கள். அங்கே சக்கரத்துக்கு வேலையில்லை.

பஞ்சர் உறுதி. சீமைக் கருவேல முள், மூங்கில் முள், நெருஞ்சி மூன்றும் காத்திருக்கின்றன. எந்தக் கிராமத்திலும் பஞ்சர் கடை உண்டு, கைவேலை சுத்தமாகவும் இருக்கும். ஆனால் அங்கே கிடைக்கும் டியூப், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தருகிற இலவச சைக்கிளுக்கும் பழைய ரோட்ஸ்டருக்கும் ஏற்றது. அகல டயருக்கான டியூபை நீங்களே கொண்டுபோக வேண்டும். சில விலை கூடிய சைக்கிள்களில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். வால்டியூப் போட்ட வால்வுக்குப் பழகிய கடைப் பம்பு அதில் சேராது. சில ரூபாய்க்குக் கிடைக்கிற பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லை விட்டது.

கடைசியாக, தண்ணீர். கல்லணைக் கால்வாயை இன்னமும் புது ஆறு என்றே சொல்கிறோம். 1934இல் வந்தது அது. அதில் பல இடங்களில் இரு பக்கமும் சிமென்ட் சரிவு போட்டிருக்கிறார்கள். பாசி படிந்த சரிவில் கால் வைத்தால் நிற்காது. விழுந்தால் நீச்சல் தெரிந்தவரும் ஏறிவருவது கஷ்டம். பாட்டில் நிரப்பவோ முகம் கழுவவோ படித்துறையில் மட்டும் இறங்குங்கள். ஷட்டருக்குப் பக்கத்தில் எங்கேயும் இறங்காதீர்கள். வழியில் லஸ்கரைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கிக் கேளுங்கள்: எந்தக் கரை உள்வாங்கியிருக்கிறது, எந்த மதகின்மேல் போகலாம், இன்று எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.