பொருநை ஊட்டும் உயிர்கள்

வைகாசித் திருவிழாவில் ஒன்பது திருப்பதிகளின் எம்பெருமான்களும் கருட வாகனத்தில் ஆழ்வார்திருநகரியில் எழுந்தருளும் நன்னாளில், ஸேவிக்க வரும் அடியார்கள் முதற்கண் நாடுவது தாமிரபரணித் தீர்த்தத்தையே ஆகும். அப்பொழுது தென்மேற்குப் பருவமழை வலுத்திராது. கோடை வெயிலில் ஊர்க் கிணறுகள் தாழ்ந்திருக்கும். ஆயினும் பொருநை என்னும் பழம்பெயர் கொண்ட இந்நதியில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். மழையில்லாத நாளில் இந்த நீர் எங்கிருந்து வருகிறது?

பாபநாசம் அணையிலிருந்து வருகிறது என்று எவரும் எளிதில் விடை கூறுவர். அது பாதி விடையே. அணைக்கு நீர் தருவது யாது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. எஞ்சிய பாதியை அறியப் புகுவோர்க்கு, உலகில் உயிர்கள் ஒன்றையொன்று எங்ஙனம் தாங்கி நிற்கின்றன என்னும் பெரும்பாடம் இந்த ஒரு பள்ளத்தாக்கிலேயே விளங்கிவிடும்.

மலைமேல் ஒரு நீர்க்களஞ்சியம்

கடல்மட்டத்திற்கு மேல் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் பொதிகைமலைப் பகுதியில் தோன்றும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது இம்மலையின் தனிச்சிறப்பு. ஆனால் மழை மிகுதியாகப் பெய்வதால் மட்டும் ஒரு நதி வற்றாத நதியாகிவிடாது. பெய்த நீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவதற்கு ஒரு களஞ்சியம் வேண்டும். அக்களஞ்சியம் மலைமேலுள்ள பசுமைமாறாக் காடே ஆகும்.

மொட்டைப் பாறையின்மீது பெய்யும் மழை, சில நாழிகைக்குள் மண்ணையும் வாரிக்கொண்டு கீழே பாய்ந்துவிடும். காட்டிலோ மழைத்துளி முதலில் உயர்ந்த மரங்களின் இலைகளில் விழுகிறது. வேகம் தணிந்து கீழ்ச்செடிகளின்மேல் சொட்டுகிறது. பின்னர் உதிர்ந்த சருகுகளின் மெத்தையில் இறங்குகிறது. அச்சருகைக் கறையானும் மண்புழுவும் காளானும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் மக்கச் செய்து, மண்ணைப் புழைகள் நிறைந்த கடற்பஞ்சு போல் ஆக்கி வைத்திருக்கின்றன. வேர்கள் துளைத்த வழியே நீர் ஆழ்ந்து, பாறை இடுக்குகளில் தங்கி, மாதக்கணக்கில் ஊற்றாகக் கசிகிறது. கோடையில் தீர்த்தமாடும் யாத்திரிகர்களின் கைகளில் ஏந்தப்பெறும் நீரில் ஒரு பங்கு, முன்னே பெய்த மழையை இக்காடு காத்துக் கொடுத்ததாகும்.

கொடுப்பதும் கொள்வதும்

உயிர்களும், அவை வாழும் மண், நீர், காற்று, ஒளி ஆகியவையும் கூடிய ஒரு முழு அமைப்பைச் சூழலமைப்பு என்பர். இக்கருத்துக்கு 1935-இல் பெயர் சூட்டியவர் டான்ஸ்லி என்னும் ஆங்கிலேயத் தாவரவியலறிஞர். இவ்வமைப்பு இரண்டு விதிகளால் இயங்குகிறது.

முதல் விதி ஆற்றலைப் பற்றியது. சூரிய ஒளியைப் பசிய இலை உணவாக்குகிறது; இலையை மான் உண்கிறது; மானைப் புலி உண்கிறது. ஒவ்வொரு படியிலும் பெரும்பங்கு ஆற்றல் உயிரின் இயக்கத்தில் செலவாகி வெப்பமாகப் போய்விடுகிறது. அடுத்த படிக்குச் சேர்வது சராசரியாகப் பத்தில் ஒரு பங்கே. புல்லில் ஆயிரம் பங்கு இருந்தால் மானுக்கு நூறு, புலிக்குப் பத்து என்பது தோராயக் கணக்கு. ஒரு புலி வாழ வேண்டுமாயின் பல மான்களும், அம்மான்கள் வாழப் பரந்த காடும் வேண்டும். எனவே, புலி நிலைத்து வாழும் காடு நிறைவுற்ற காடு என்று கொள்ளலாம். களக்காடு – முண்டந்துறைப் பகுதி 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆனபோது, காக்கப்பட்டது புலி மட்டுமன்று. பொருநையின் பிறப்பிடமும் உடன் காக்கப்பட்டது.

இரண்டாம் விதி பொருளைப் பற்றியது. ஆற்றல் ஒருவழியே சென்று தீர்வது. பொருளோ சுழன்று வருவது. இலையிலிருந்த சத்து மானுக்கும், மானின் எச்சத்திலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து மீண்டும் வேருக்கும் செல்கிறது. இச்சுழற்சியில் கழிவு என்று ஒதுக்கத்தக்க பொருள் ஏதும் இல்லை. ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் உணவு.

இக்காட்டில் வாழும் இருவாச்சிப் பறவை இதற்கு நல்ல சான்று. பெண்பறவை முதிய மரத்தின் பொந்தில் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண்பறவை நாள்தோறும் பழங்களைக் கொணர்ந்து சிறு துவாரத்தின் வழியே ஊட்டும். உண்ட பழங்களின் விதைகளை அது காடெங்கும் தூவிச் செல்கிறது. மரம் பறவைக்கு வீடும் உணவும் தர, பறவை மரத்திற்குச் சந்ததி தருகிறது. முதிய மரங்களை வெட்டினால் பறவைக்குப் பொந்து இல்லை. பறவை போனால் அம்மரங்களின் விதைகளைத் தொலைவில் சேர்ப்பார் இல்லை.

வயலும் குளமும்

மலையிலிருந்து இறங்கிய நதியைக் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் தடுத்துக் கால்வாய்களில் திருப்புகின்றன. அக்கால்வாய்கள் 180-க்கும் மேற்பட்ட குளங்களை நிரப்பி, ஏறத்தாழ 86,000 ஏக்கரில் கார், பிசானம் என்னும் நெற்பயிர்களை விளைவிக்க அமைந்தவை. நவதிருப்பதிகளுள் ஒன்று பெருங்குளம் என்றே பெயர் பெற்றிருப்பது, இந்நாட்டின் வாழ்வு குளத்தோடு பிணைந்தது என்பதைக் காட்டும்.

வயல் மனிதன் அமைத்ததாயினும் காட்டின் விதிகளுக்கே கட்டுப்பட்டது. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி இதை உணர்த்தியது. இப்பூச்சி பயிரின் தண்டுறைக்குள் முட்டையிடும். மருந்து தெளித்தால், அதை உண்டு வாழும் சிலந்திகளும் பிற நற்பூச்சிகளும் மடிகின்றன. உள்ளிருக்கும் முட்டைகள் தப்புகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகளுக்குப் பகைவர் இல்லாமையால் அவை முன்னினும் பெருகுகின்றன. இதனையறிந்த இந்தோனேசிய அரசு 1986-இல் நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. அதனால் விளைச்சல் குறைந்துவிடவில்லை. வயலின் தவளையும் சிலந்தியும் தட்டானும் உழவனுக்குக் கூலியின்றிப் பணிபுரியும் காவலர்கள்.

நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் மணிமுத்தாற்று நீர் நிறையும் காலத்தே கூழைக்கடாவும், மஞ்சள்மூக்கு நாரையும், கரண்டிவாயனும் வந்து கூடுகட்டுகின்றன. குளத்தில் மட்டுமன்றி, வீட்டுக் கொல்லை மரங்களிலும் அவை குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன. ஊரார் அவற்றை விருந்தினராகப் போற்றிக் காத்து வந்தனர். 1994-இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூரிலும் மருதமரங்களில் கூடும் பறவைகளை ஊரார் பேணியதன் பயனாக 2005-இல் ஒரு பாதுகாப்பகம் அமைந்தது.

கடலில் கலப்பது வீணன்று

நதிநீர் கடலுக்குச் செல்வது வீண் என்று கூறுவோர் உளர். பாண்டியரின் பழந்துறைமுகமான கொற்கை இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே நிற்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூற்றாண்டுகளாகப் பொருநை சுமந்து வந்த வண்டலே அங்குப் புதுநிலமாகப் படிந்தது. முகத்துவாரத்தில் நன்னீரும் உவர்நீரும் கலக்குமிடத்தில் அலையாத்திச் செடிகள் வளர்கின்றன. அவற்றின் வேர்களிடையே மீன்குஞ்சுகளும் இறாலும் வளர்கின்றன. மலைக்காட்டுச் சருகின் சத்தில் ஒரு சிறு பங்கு இங்கே மீனவரின் வலையில் மீனாக ஏறுகிறது.

சங்கிலி அறுபடும் இடங்கள்

இத்துணை உறுதியான அமைப்பும் சில இடங்களில் எளிதில் அறுபடும். ஊர்ச் சாக்கடை நதியில் கலக்கும்போது, அதிலுள்ள மிகுதியான சத்தை உண்டு அமலைச்செடி நீர்ப்பரப்பை மூடிவிடுகிறது. கீழே ஒளி புகாது. செடி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது. மீன் மூச்சடைத்து மடிகிறது. மீனை நம்பிய நீர்நாயும் நாரையும் இடம்பெயர்கின்றன.

பாபநாசத்தில் தீர்த்தமாடுவோர் உடுத்த துணியை ஆற்றில் விட்டுச் செல்லும் வழக்கமும் இத்தகையதே. பருத்தி ஆடை மட்டுமே இருந்த காலத்தில், நதியின் நுண்ணுயிர்கள் அதனை நாளடைவில் மக்கச் செய்தன. பாலியெஸ்டர் துணியையோ எந்த உயிரும் எளிதில் உண்டு செரிக்காது. அது பாறையிலும் வேரிலும் சிக்கித் தங்குகிறது. நைந்து கண்ணுக்குத் தெரியாத இழைகளாகி மீனின் வயிற்றிலும் சேர்கிறது. ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் உணவு என்னும் விதி இங்கே முறிகிறது. வழக்கம் மாறவில்லை, துணி மாறிவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையையும் இவ்வட்டாரம் மறவாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; ஸ்ரீவைகுண்டமும் சுற்றுப்புற ஊர்களும் வெள்ளத்தில் தனித்துவிடப்பட்டன; குளக்கரைகள் உடைந்தன. சமவெளியிலேயே இத்தகைய மழை பெய்யுங்கால் மலைக்காடு அதனைத் தடுக்க இயலாது. அந்நிலையில் வெள்ளத்தின் வேகத்தை ஓரளவேனும் தணிக்க வல்லவை, தூர்ந்துபோகாத குளங்களும் அடைபடாத வாய்க்கால்களுமே.

தீர்த்தத்திற்கு ஒரு கைங்கர்யம்

திருவிழாவுக்கு வரும் அன்பர்கள் இந்நதியிலிருந்து பெறுவன பல: நீராடும் தீர்த்தம், திருமஞ்சனத்திற்கு நீர், தளிகைக்கு அரிசி. இவை யாவும் சருகை மக்கச் செய்யும் காளான் தொடங்கி வயற்காக்கும் சிலந்தி வரை எண்ணற்ற உயிர்கள் உழைத்துத் தந்தவை. அவற்றுக்குக் கைம்மாறாகச் செய்யத்தக்கது அரியதொன்றன்று. சோப்பும் எண்ணெய்ச் சீயக்காயும் இன்றி நீராடுதல், உடுத்த துணியைத் திரும்ப எடுத்துச் செல்லுதல், பிளாஸ்டிக் பைகளையும் கற்பூர உறைகளையும் படித்துறையில் விடாதிருத்தல் ஆகிய மூன்றுமே போதும். எம்பெருமானுக்குச் சாற்றிய துளசியும் மலரும் மண்ணில் சேர்ந்தால் உரமாகும்.

ஒரு குடும்பம் ஒரு துணியைத் திரும்பக் கொண்டு செல்வதால் என்ன ஆகிவிடும் எனில், காட்டில் ஒரு மண்புழு செய்வதும் அத்துணைச் சிறிய பணியே. அச்சிறு பணிகள் கூடியே பொருநையை ஓடச் செய்கின்றன. அவ்வரிசையில் யாத்திரிகரும் ஓர் இடம் பெறுவது, தீர்த்தத்திற்குச் செய்யும் கைங்கர்யமாகும்.