ஐம்பதைக் கடந்த தாய்மார்களும் உணவும்

கடையின் வரவு செலவை நாள்தோறும் பார்க்கும் நாம், வீட்டுச் சமையற்கட்டின் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆனால் அங்கே நெய்யும் சீனியும் வாங்கி அனுப்புகிறவர்கள் நாமே. ஆகையால், இது பெண்கள் விஷயம் என்று ஆண்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு வயது ஏற ஏறக் கூடுகிறது. மாதவிலக்கு நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நீர் பெரும்பாலும் சினைப்பையில் உண்டாகிறது. அது நின்ற பிறகு, உடலின் கொழுப்பே அந்நீரை உண்டாக்கும் முக்கிய இடமாகிறது. மார்பகக் கட்டிகளில் பல அந்த நீரைக் கொண்டே வளர்கின்றன. எனவேதான் இவ்வயதில் உடற்பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது.

உணவை மாற்றினால் பயன் உண்டா? இதை அறிய அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டில் ஒரு பெரும் ஆராய்ச்சி தொடங்கினார்கள். மாதவிலக்கு நின்ற, 50 முதல் 79 வயதுவரையுள்ள 48,835 பெண்மணிகள் அதில் சேர்ந்தனர். ஒரு பகுதியினர் கொழுப்பைக் குறைத்து, காய்கறி, பழம், தானியங்களைக் கூட்டி உண்டனர். மற்றவர்கள் வழக்கம்போல் உண்டனர்.

2006-ல் வெளியான முடிவில், உணவை மாற்றியவர்களிடம் நோய் 9 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றே ஆராய்ச்சியாளர் ஒதுக்கினர். சுமார் இருபது ஆண்டுகள் கவனித்த பின்னரோ, இந்நோயால் இறந்தவர்கள் அவர்களிடையே 21 சதவிகிதம் குறைவு என்று கண்டனர். முதல் வருஷ லாபத்தை மட்டும் பார்த்து வியாபாரத்தை எடை போடலாகாது என்பது நமக்குத் தெரியாததா?

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டியவை:

1. நெய்ச்சோறும் வட்டிலப்பமும் விருந்து நாளுக்கு இருக்கட்டும். அன்றாடச் சட்டியில் எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் குறைத்து, கீரை, காய், பருப்பைக் கூட்டுங்கள்.

2. தே தாரிக்கில் கலக்கும் இனிப்புப் பாலும் சீனியும் உடலை வளர்ப்பவையே. அவற்றையும் குறையுங்கள்.

3. சோயா உணவைக் கண்டு அஞ்ச வேண்டாம். சிங்கப்பூர்ச் சீனர்களிடம் நடந்த ஆராய்ச்சியில், அதை அதிகம் உண்ட பெண்களிடம் இந்நோய் குறைவாகவே காணப்பட்டது.

4. தினமும் நடக்க வேண்டும். உம்மாவைத் தனியே அனுப்பாமல் மாலையில் நாமும் கூட நடந்தால் இருவருக்கும் நன்மை.

5. மது சிறிதளவாயினும் இந்நோயின் ஆபத்தைக் கூட்டும். நம் இல்லங்களில் அதற்கு இடமில்லை என்பது ஓர் அனுகூலம்.

இறுதியாக ஒன்று. நல்ல உணவு ஆபத்தைக் குறைக்கலாம். நோய் வாராது என்று உத்தரவாதம் தராது. மெலிந்தவர்களுக்கும், அளவோடு உண்பவர்களுக்கும் இது வருவதுண்டு. மார்பில் கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் இரத்தக் கசிவோ கண்டால், வெட்கத்தால் மறைத்துக் கஷாயம் குடித்துக் காலம் கடத்துவது பெருந்தவறு. பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்பதில் குற்றமில்லை.

சிங்கப்பூரில் 50 வயதைக் கடந்தவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மார்பகப் படம் எடுத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். மலேசியாவிலுள்ளோர் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் விசாரிக்கலாம். கடை லைசென்சைப் புதுப்பிக்கும் தேதியை மறவாத நாம், மனைவிக்கும் ராத்தாவுக்கும் உம்மாவுக்கும் உரிய அந்தத் தேதியையும் நாட்காட்டியில் குறித்து வைப்போமாக.