தண்ணீர்க் கணக்கு

நம் உடலிலுள்ள இரண்டு சிறுநீரகங்களில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் அமைந்திருக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்று வடித்து, வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவையே அவை சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வுறுப்புகள் அறவே செயலிழந்தால் பிழைப்பது அரிது என்ற நிலைமையே ஒரு காலத்தில் இருந்தது.

அந்நிலையை மாற்ற வழிகண்டவர் ஹாலந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப். 1943ஆம் ஆண்டில், போர்க்காலத் தட்டுப்பாட்டின் நடுவே, செல்லோபேன் குழாயைக் கொண்டு அவர் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்கிரிப்னர் என்பார், நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தும் டெஃப்லான் குழாயைக் கையாண்ட பின்னரே, ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் இச்சிகிச்சையை அளிப்பது இயல்வதாயிற்று.

இதன் தத்துவம் நாம் வேதியியல் வகுப்பில் படித்ததே. நுண்துளைச் சவ்வின் ஒரு புறம் இரத்தமும், மறு புறம் தக்க உப்புகள் கரைந்த நீர்மமும் எதிரெதிராகப் பாய்கின்றன. யூரியா, பொட்டாசியம் முதலியன செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்குப் பரவுகின்றன. மிகுதியான நீர் அழுத்த வேறுபாட்டால் வெளியேறுகிறது. இதுவே டயாலிஸிஸ்.

"எந்திரந்தான் இருக்கிறதே, பின் என்ன கவலை?" என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். வாரத்திற்கு 168 மணி. முறைக்கு நான்கு மணியாக வாரம் மும்முறை சிகிச்சை பெற்றால் 12 மணி. எஞ்சிய 156 மணி நேரமும் உணவிலும் நீரிலும் மருந்திலும் நோயாளி காக்கும் அளவுதான் அவரைக் காக்க வேண்டும். அவ்வளவு தவறியவர்களைச் 'சொல் கேளாதவர்' என்று கூறிவிடுவது எளிது. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு டில்லி மருத்துவமனை ஒன்றுக்கு, மொழிபெயர்த்துச் சொல்வதற்காக ஒரு தமிழ் அம்மையாருடன் சென்றேன். விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து, கூலி வேலை செய்யும் மகனிடம் வந்து தங்கியவர். சிறுநீர் அறவே நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் நான்கு கிலோ எடை கூடி வந்தார். நான்கு கிலோ என்பது நான்கு லிட்டர் நீர். அதனை நான்கு மணியில் இழுக்கும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்தது. கால் தசைகள் இழுத்துப் பிடித்தன. அவ்வேதனைக்கு அஞ்சி இரு முறை வராமலும் இருந்துவிட்டார்.

"எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை" என்றார் செவிலியர்.

"நான் பொய் சொல்வேனா, தம்பி? பச்சைத் தண்ணி ரெண்டு டம்ளருக்கு மேலே தொட்டதில்லை" என்றார் அம்மையார்.

இருவர் கூற்றும் உண்மையே. காலையில் கஞ்சி, நண்பகலில் ரசம், மாலையில் தேநீர், இரவில் நீர்மோர். தண்ணீரைக் குறைக்குமாறு இந்தியில் சொன்னார்கள். அவரும் தண்ணீரைக் குறைத்தார். கஞ்சியும் மோரும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் எவரும் சொல்லவில்லை.

உப்பும் அவ்வாறே. நரம்பில் ஏற்றும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு உண்டு. அது இரத்த நீரின் செறிவுக்கு ஏறத்தாழ ஒப்பானது. ஆகவே சிறுநீர் நின்றவர் 9 கிராம் உப்பு உண்டால், அது தாகமாக மாறி ஒரு லிட்டர் நீரைக் கேட்டு வாங்கும். ஊறுகாயையும் கருவாட்டையும் விடாமல் தண்ணீரை மட்டும் அடக்குவது நடவாத காரியம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. அது இரத்தத்தில் ஏறினால், முன்னறிவிப்பின்றியே இதயத் துடிப்பைக் குலைத்துவிடக்கூடும். பாஸ்பேட்டைப் பிணைக்கும் மாத்திரைகளை உணவோடு உண்டால்தான் பயன். வெறும் வயிற்றில் உண்டால், பிணைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

அம்மையாருக்கு மருத்துவர் வகுத்த அளவு நாளொன்றுக்கு முக்கால் லிட்டர். ஒரு பாட்டிலில் அவ்வளவு நீரை ஊற்றி வைத்தோம். கஞ்சியோ தேநீரோ எதைக் குடித்தாலும், அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் இக்கணக்கை ஒரே நாளில் கற்றார். இரண்டு மாதங்களில் நான்கு கிலோ இரண்டரையாயிற்று.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டில் மைய அரசு தொடங்கிய தேசிய டயாலிஸிஸ் திட்டம் ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கிறது. எனினும் தாயுடன் வரும் நாளில் மகனுக்குக் கூலி இல்லை. வேலை மிகுந்த வாரங்களில் ஒரு முறை தவறியே போகிறது. இதற்கு மொழிபெயர்ப்பு மருந்தாகாது. உடன் செல்ல ஓர் ஆள் வேண்டும்.

நம் சங்கத்தினர் வாரம் ஒரு முறை, முறை வைத்து அவருடன் சென்று வரலாகாதா? தாகத்தை அவர் தாங்கிக்கொள்கிறார். வழித்துணையையாவது நாம் ஏற்போம்.