அமெச்சூர் வானொலி நிலையத்துக்கு எந்த லினக்ஸ்?

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு ‘புரெவி’ சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரை கடந்தது. இத்தகைய இரவுகளில் முதலில் மின்சாரம் போகும்; பின்னர் தொலைபேசிக் கோபுரங்களும் ஓயும். 2004 ஆழிப்பேரலையின் பின் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே அமெச்சூர் வானொலியாளர்கள் செய்தித் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்ததை வாசகர்கள் அறிவர். திருகோணமலை மாவட்டத்தில் அத்தகைய நிலையம் ஒன்றை அமைக்க விரும்பும் இளைஞருக்கானது இப்பாடம். ஒலிபரப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் கட்டாயம் வேண்டும்.

வானொலிக்குக் கணினி எதற்கு? மருந்துப் பட்டியலைக் குரலில் வாசித்தால் இரைச்சலில் ‘நாற்பது’ ‘நாற்பத்தாறு’ ஆகிவிடும். ‘எப்எல்டிஜி’ என்னும் இலவச மென்பொருள் எழுத்தை ஒலியாக்கி வானொலிக்குக் கொடுக்கும்; மறுமுனையில் அவ்வொலியை மீண்டும் எழுத்தாக்கும். அதிலுள்ள ‘ஒலிவியா’ முறை வேகம் குறைந்தது. ஆனால் இரைச்சலைத் தாங்கும்.

லினக்ஸின் கரு ஒன்றே. அதனோடு மென்பொருள்களைச் சேர்த்து வெவ்வேறு குழுவினர் வெளியிடும் தொகுப்புகளே பல. அமெச்சூர் வானொலிக்கென்றே தனிநபர்கள் தயாரித்த தொகுப்புகளும் உண்டு. அவை வசதியானவை, ஆயினும் தயாரித்தவர் கைவிட்டால் தொகுப்பும் நின்றுவிடும். எனவே நாம் டெபியனையே பரிந்துரைக்கிறோம். இதன் களஞ்சியத்தில் வானொலி மென்பொருள்களைத் தன்னார்வலர் குழுவொன்று பராமரிக்கிறது. உபுண்டு, மின்ட் ஆகியவற்றுக்குப் பழகியவர்கள் மாறவேண்டியதில்லை. அவையும் டெபியன் வழிவந்தவையே. மிகப் பழைய 32 பிட் கணினி வைத்திருப்போர் மட்டும் கவனிக்கவும்: 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் அதற்கான நிறுவி இல்லை. 2023இல் வந்த 12ஆம் பதிப்பையே பெறவேண்டும்.

இனிப் பெறும் வழி. சிறிய ‘நெற்இன்ஸ்ட்’ கோப்பு எம் தேவைக்கு உதவாது. அது நிறுவும்போதே இணையத்தைக் கேட்கும். ஏறக்குறைய 4 கிகாபைட் அளவுள்ள முதலாவது டிவிடி கோப்பை நகரில் நல்ல இணைப்புள்ள இடத்தில் இறக்கிக்கொள்க. கூடவே தரப்படும் ‘ஷா256’ எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும். இடையில் அறுந்து இறங்கிய கோப்பு, நிறுவுகையில் பாதிவழியில் நின்றுவிடும். அதன்பின் பென் டிரைவில் எழுதி, நிலையத்துக்குரிய இரு கணினிகளிலும் ஒரே முறையில் நிறுவுக.

வானொலி மென்பொருள்கள் பல அந்த டிவிடியில் இரா. ஆகையால் ஒரு கணினியை மீண்டும் இணையத்தோடு இணைத்து, ‘ஆப்ட்-கெட்’ கட்டளைக்குப் ‘பதிவிறக்கம் மட்டும்’ என்னும் தெரிவைக் கொடுத்து, ‘ஹாம்ரேடியோ-டிஜிட்டல்மோட்ஸ்’ பொதியைக் கேட்கவும். வந்த கோப்புகள் யாவும் ‘வார்’, ‘காஷ்’, ‘ஆப்ட்’, ‘ஆர்க்கைவ்ஸ்’ என்ற வரிசையில் அமைந்த அடைவில் கிடக்கும். அவற்றைப் பென் டிரைவில் பிரதி செய்தால் மற்றக் கணினிக்கும் அதுவே போதும். மூதூருக்கோ வெருகலுக்கோ இணையமின்றியே கொண்டுசெல்லலாம். வெறும் ‘ஆப்ட்’ கட்டளையால் நிறுவினால் இறக்கிய கோப்புகள் வேலை முடிந்ததும் அழிக்கப்படும் என்பதைப் பலர் அறிவதில்லை.

இன்று பிரபலமான ‘எப்டி8’ முறையும் இப்பொதியோடு வரும். அதற்கு இருமுனைக் கடிகாரங்களும் ஏறக்குறைய ஒரு செக்கனுக்குள் ஒத்திருக்க வேண்டும். இணையம் இல்லாவிடின் ஜிபிஎஸ் கருவி ஒன்றைக் கணினியில் இணைத்தே நேரத்தைச் சரிசெய்யலாம். ஒலிவியாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. மேலும், எப்டி8இல் ஒரு தடவைக்கு 13 எழுத்துகளே சுயமாக எழுதலாம். ஒரு முகாமின் மருந்துப் பட்டியல் அதனுள் அடங்காது.