ஒப்பாரிக் கோச்சியும் உலகச் செய்தியும்

கேள்வி: காஸா, ரோஹிங்கியா அகதிகள் என்று செய்தியில் எவ்வளவோ வருகிறது. தரம் 10 பிள்ளைகளோ "அதுக்கு நமக்கென்ன சேர்?" என்கிறார்கள். அவர்கள் மனதில் படும்படி எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஓர் ஆசிரியர், கண்டி

பதில்: உங்கள் வகுப்பில் மலையகப் பிள்ளைகள் இருந்தால், அவர்களின் பாட்டிமாரிடமே பதில் இருக்கிறது. மியன்மாரின் 1982 குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியாக்களை நாடற்றவர்களாக்கியது. மலையகத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இலங்கையின் 1948 சட்டம் செய்ததும் அதுதான். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அண்ணன் அக்கரை, தங்கை இக்கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. இந்தியா போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். இங்கே எஞ்சியோரில் அதுவரை நாடற்றவர்களாகவே இருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஆகவே முதல் பாடம் வீட்டிலிருந்து தொடங்கட்டும். யார் போனார்கள், கையில் என்ன கொண்டுபோனார்கள், பிறகு கடிதம் வந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். மறுநாள் வரைபடத்தில் பங்களாதேஷின் காக்ஸ் பஜாரைக் காட்டி, அங்குள்ள ரோஹிங்கியா முகாம்வாசிகளைப் பற்றி அதே கேள்விகளைக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 2018 மார்ச்சில் கண்டியை அடுத்த திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கடைகள் எரிந்ததைக் கண்ட பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். எவரையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இரத்தம் தோய்ந்த படங்களும் வேண்டாம். பதறிய பிள்ளை யோசிக்காது. 'ஐயோ பாவம்' என்பதோடு பாடத்தை நிறுத்திவிடாதீர்கள். சட்டத்தில் ஒரு வரி ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பதையும் விளங்கவையுங்கள்.