வெண்பாவின் அடுப்படி

பெருநிறுவனங்களைச் சாராமல் சிறு குழுவினர் உருவாக்கும் கணினி விளையாட்டுகள் உண்டு. அவற்றுள் ஒன்று 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் குழுவினர் இதனை 2023ஆம் ஆண்டு வெளியிட்டனர். 2024இல் இது பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது.

1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் இணையரும் அவர்தம் மகன் கவினுமே இதன் மாந்தர். இங்குப் போரில்லை, சமையலே ஆட்டம். வெண்பாவின் தாய் தந்த குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்துள்ளன. ஆடுபவர் விடுபட்டதை உய்த்துணர்ந்து சமைக்க வேண்டும். இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எங்கும் பரவும்? புட்டுக் குழலில் எதனை முதலில் இடுவது? கொழிஞ்சாம்பாறைச் சிறாருக்கு இவை வீட்டில் காணும் செய்திகள். அயல்நாட்டில் வளர்ந்தோருக்கோ புதிர்கள்.

பிறரினின்று வேறுபட்டுத் தோன்ற அஞ்சிய கவின், சிறுவயதில் தமிழை விலக்குகிறான். வளர்ந்தபின் தாயின் உணவைச் சமைக்க விழைகிறான். ஆனால் குறிப்பேட்டின் தமிழைப் படிக்கத் தடுமாறுகிறான். அழிந்த வரியை அறிவால் நிரப்பலாம். கல்லாத மொழியை அவ்வாறு நிரப்ப இயலாது.

பொருள் அறிக
இணையர் – கணவன் மனைவி
உய்த்துணர்தல் – ஆராய்ந்து அறிதல்
விழைதல் – விரும்புதல்

விடை எழுதுக
1. கவின் தமிழை விலக்கியது ஏன்?
2. உங்கள் வீட்டு உணவு ஒன்றின் செய்முறையைப் பெரியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுக.