ராஜினாமாவுக்கென ஒரு சேமிப்பு

உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எங்கள் தலைமுறைக்கு ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். "இப்ப உள்ளதுக கையில காசு நிக்கவா செய்யுது? வாரத்துல நாலு நாள் ஆர்டர் போட்டுத்தான் சாப்பிடுதுக." சொல்பவர் அந்தக் கல்யாணத்துக்கே கடன் வாங்கியிருப்பார். அதை ஊதாரித்தனம் என்று யாரும் சொல்வதில்லை.

நான் சாத்தூர்ப் பக்கத்துப் பெண். பொறியியல் முடித்து சென்னை ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தபோது கைக்கு வந்த சம்பளம் 24,000 ரூபாய்க்குப் பக்கம். பெருங்குடியில் மூன்று பேர் தங்கும் ஹாஸ்டல் அறை, சாப்பாட்டோடு 8,000. கல்விக்கடன் தவணை 6,000. அங்கே எனக்கு முன்னால் சேர்ந்த சீனியர்கள் பல வருடத்துக்கு முன்பு வாங்கிய முதல் சம்பளமும் ஏறக்குறைய இதுதான். ஹாஸ்டல் வாடகை மட்டும் அந்தக் காலத்தில் நிற்கவில்லை. காபி குடித்தே காசைக் கரைக்கிறோம் என்பவர்கள் இதை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் பக்கமும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. சம்பளம் வந்துவிட்டால் சுதந்திரமும் கூடவே வந்துவிடும் என்பது. எங்கள் ஹாஸ்டலில் என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம் வாங்கிய ஓர் அக்கா இருந்தாள். செலவாளி இல்லை, தீபாவளிக்கு இரண்டு சுடிதாருக்கு மேல் எடுக்க மாட்டாள். ஆனால் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய தனிநபர் கடன், ஊரில் மாடி எடுக்க வாங்கிய கடன், தம்பியின் பைக் என மூன்று தவணை அவள் பெயரில் ஓடியது. மாதம் 5-ஆம் தேதிக்குள் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். மேலாளர் வாயில் வந்ததையெல்லாம் பேசியபோதும் அவளால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியவில்லை. எங்கள் தலைமுறையைக் கட்டிப்போட்டிருக்கும் பெரிய தவணைகள் பலவும் குடும்பத்துக்காக வாங்கியவை. பந்தியில் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இது தெரியாமலும் இல்லை.

அவளைப் பார்த்துத்தான் தனியாக ஒரு கணக்குத் தொடங்கினேன். எந்த யுபிஐ செயலியிலும் அதை இணைக்கவில்லை. ஏடிஎம் கார்டும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். முதலில் மாதம் 1,500தான் போட முடிந்தது. சம்பள உயர்வு வந்தபோது கூடுதலாக வந்த தொகை முழுவதையும் அங்கேயே திருப்பிவிட்டேன். பழைய சம்பளத்தில் வாழப் பழகிய மனுஷிக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. போனஸும் அங்கேதான் போனது. ஹாஸ்டல், கடன் தவணை, வீட்டுக்கு அனுப்புவது மூன்றையும் கூட்டி ஆறால் பெருக்கினால் வரும் தொகைதான் இலக்கு. அதைத் தொட்ட பிறகுதான் மியூச்சுவல் ஃபண்டு பக்கமே திரும்பினேன். முதலீட்டைப் பற்றிப் பேசும் யூடியூப் சேனல்கள் பல இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

அந்தப் பணம் எதற்கு உதவியது என்று சொல்கிறேன். நிரந்தரமாக இரவு ஷிஃப்டுக்கு வரச் சொன்னார்கள். மறுத்தால் மதிப்பீட்டில் கைவைப்போம் என்பதையும் சூசகமாகச் சொன்னார்கள். அடுத்த வேலை கையில் இல்லாமலே ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 90 நாள். வேலை தேடிக்கொண்டு ராஜினாமா செய்யலாம் என்றால், உடனே சேர முடியுமா என்று கேட்கும் நிறுவனம் மூன்று மாதம் காத்திருக்காது. கடிதம் கொடுத்து நோட்டீஸில் இருப்பவர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். ஆக, கையிருப்பு இல்லாதவர்களுக்கு வேலை மாறுவதே எளிதில்லை. எனக்கு அடுத்த வேலை அமையக் கொஞ்சம் இழுத்தது. அந்த இடைவெளியிலும் கல்விக்கடன் தவணை தவறவில்லை, வீட்டுக்குப் போகும் பணமும் நிற்கவில்லை. அதனால் அப்பா என்னைத் திரும்பி வரச் சொல்லவும் இல்லை.

வீட்டோடு பணம் பேசுவது தனிக் கலை. என் அறைத்தோழி ஒருத்தியின் ஏடிஎம் கார்டு ஊரில் அவள் அப்பாவிடம் இருந்தது. சம்பளம் ஏறிய குறுஞ்செய்தி அண்ணன் போனுக்குப் போகும். மாதச் செலவுக்கு அவள்தான் ஊருக்குப் போன் போட்டுக் கேட்பாள். சம்பளத்தை மறைப்பது இதற்குத் தீர்வு இல்லை என்பது என் எண்ணம். மறைத்தது தெரிந்தால் கார்டோடு நம்பிக்கையும் போய்விடும். நான் முதல் மாதமே முழுத் தொகையைச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, மாசம் ஒண்ணாந்தேதி 5,000 அனுப்பிருவேன். மிச்சத்துக்குக் கணக்குக் கேக்கக் கூடாது."

"கணக்குக் கேக்கலத்தா. கையில இருக்கா இல்லையான்னு மட்டும் கேப்பேன்" என்றார்.

இன்றுவரை அப்படித்தான் கேட்கிறார்.

அம்மா வேறு கட்சி. "கையில இருந்தா கரைஞ்சிரும், நகைச் சீட்டு கட்டு" என்பாள். நகை ஆசையை என் வயதுப் பெண்கள் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டது. அம்மாவோ "தம்பிகூட மனஸ்தாபம் எதுக்கு" என்று தன் பங்கை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவள். அவள் பெயரில் மிஞ்சியது கழுத்துச் சங்கிலி மட்டும்தான். என் செமஸ்டர் கட்டணத்துக்குக் கூட்டுறவு வங்கிக்குப் போய்ப் போய் வந்ததும் அதேதான். இப்போது நான் சேர்ப்பதும் அந்தச் சங்கிலி மாதிரி ஒன்றைத்தான், பெயர் மட்டும் வைப்புநிதி.

நகைச் சீட்டில் மட்டும் அம்மாவோடு ஒத்துப்போக முடியவில்லை. அது ஏன் 11 மாதத்தோடு முடிகிறது தெரியுமா? நகைக்கடை வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் கொடுத்துவிட வேண்டும், தாண்டினால் அது பொதுமக்களிடம் வாங்கிய வைப்புத்தொகையாகிவிடும் என்கிறது நிறுவனச் சட்டத்தின் விதி. வங்கி முடங்கினால் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கடை மூடினால் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தங்கம் வேண்டுமா, பணத்தை வங்கியில் சேர்த்துவிட்டு மொத்தமாகப் போய் வாங்குங்கள்.

கிரெடிட் கார்டைப் பற்றி ஒரே பேச்சுதான்: குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் போட்டிருப்பதை மட்டும் கட்டினால், மீதிக்கு மாதம் 3 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி ஏறும். அடுத்து வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. முழுதாகக் கட்ட முடியாத மாதம் கார்டை வெளியே எடுக்காதீர்கள்.

பங்குச் சந்தையின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம் பற்றி, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வை அலுவலகத்துப் பையன்களிடம் காட்டியிருக்கிறேன். மூன்று நிதியாண்டுகளில், அதில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினருக்கு நட்டம். 2023-24-இல் இறங்கியவர்களில் 43 விழுக்காட்டினர் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள். தான் மீதி ஏழு பேரில் ஒருவன் என்று எல்லாரும் நம்புகிறார்கள். சீக்கிரம் வேலையை விட்டு விடுதலையாக வேண்டும் என்ற அவசரம்தான் அவர்களை அங்கே தள்ளுகிறது. அந்த ஆசை எனக்குப் புரிகிறது, வழிதான் ஒப்பவில்லை.

கடைசியாக, முதல் வேலையில் சேரப்போகும் தம்பி தங்கைகளுக்கு. வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை வழித்தெடுக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். தொடர்ச்சியாக ஐந்து வருடம் முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. பிஎஃப் இருந்தாலே 7 லட்சம் ரூபாய் வரை ஆயுள் காப்பீடும் சேர்ந்தே வருகிறது, தனியாக ஒரு பைசா நீங்கள் கட்ட வேண்டியதில்லை. அது வீட்டுக்கு அலைச்சலில்லாமல் போய்ச் சேர நாமினி பெயர் ஏறியிருக்க வேண்டும். என் அறையில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் அதை நிரப்பவே இல்லை. பிஎஃப் இணையதளத்திலேயே செய்யலாம். ஆதாரோடு இணைந்த செல்போன் மட்டும் கையில் இருக்கட்டும், ஓடிபி அதற்குத்தான் வரும்.